முன்கட்டுக்குப் போன காளை

எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் கோபம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோச்சடையில் வைகைக் கரையை ஒட்டி, ஒரு ஜமீன்தார் பாதி கட்டி விட்டுவிட்டுப் போன பங்களாவில் அது இருந்தது. வாசலில் பெரிய பலகை: ‘மதுரை வட்டார இயற்கைச் சரித்திரப் பொருட்காட்சிசாலை’. அதற்கு நேர் எதிரே என் காப்பிக் கடை. காலையில் கடை திறந்தால் ராத்திரி அடைக்கிறவரை அந்தப் பலகை முகத்தில்தான் விழிக்க வேண்டும். கோபம் வராமல் என்ன செய்யும்?

ஜனங்கள் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கட்டடத்தில் முன்கட்டு, பின்கட்டு என்று இரண்டு பாகம். முன்கட்டில் வைக்கோல் அடைத்த மிருகங்களும் பாட்டிலில் ஊறுகிற பாம்புகளும் இருந்தன. பின்கட்டில் கூண்டுக்குள் உயிருள்ள மிருகங்கள். ஆகவே முன்கட்டைச் செத்த காலேஜ் என்றும் பின்கட்டை உசுரு காலேஜ் என்றும் சொல்வார்கள். போன வருஷம் பின்கட்டில் பார்த்த கழுதைப்புலியை இந்த வருஷம் முன்கட்டில் பார்க்கலாம். பின்கட்டு காலியாகக் காலியாக முன்கட்டு நிறைந்தது. இதில் அதிகாரிகளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. மொத்த எண்ணிக்கை குறையவில்லை அல்லவா?

அதற்கு சூப்பரிண்டெண்டு மைக்கேல்ராஜ். மிஷன் பள்ளிக்கூடத்தில் பிரகிருதி சாஸ்திரம் நடத்திக்கொண்டிருந்தவர். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். சோம்பேறியாக இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

மாசி மாதம் ஒரு காலையில் தவசி என் கடைக்கு முன்னால் வந்து நின்றான். வாடிப்பட்டிக்கு மேற்கே கரட்டுப்பட்டிக்காரன். தோளில் ஒரு வடக்கயிறு, தலையில் ஒரு கட்டு சோளத்தட்டை.

“அண்ணே, இந்த உசுரு காலேஜுக்கு வாசல் எந்தப் பக்கம்?”

“எதுத்தாப்லதான்யா இருக்கு. தட்டை யாருக்கு?”

“எங்க மாட்டுக்குண்ணே. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”

கரட்டுப்பட்டி அய்யனார் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை அது. சாம்பல் நிறம், அதனால் மயிலை என்று பெயர். கோயில் காளை யாருக்கும் சொந்தமில்லை, ஊர் மொத்தத்துக்கும் சொந்தம். யார் வயலில் வாய் வைத்தாலும் விரட்ட மாட்டார்கள். அதற்குத் தண்ணீர் காட்டுவதும் திருவிழாவில் கயிறு பிடிப்பதும் தவசியின் பொறுப்பு. தை மாதம் மைக்கேல்ராஜ் மாட்டுவண்டியில் கரட்டுப்பட்டிக்கு வந்து, லாட் துரை மதுரைக்கு விஜயம் செய்யப் போகிறார், நல்ல ஜாதிக் காளை ஒன்று பார்க்க ஆசைப்படுகிறார், ஒரு மாசத்துக்கு மட்டும் கொடுங்கள் என்று கேட்டார். ஊர்த் தலைவர், அம்பலம் மொக்கையனுக்குத் தலைகால் புரியவில்லை. மாலை போட்டு, மேளம் அடித்து, மாட்டை அனுப்பிவைத்தார். லாட் துரை வரவில்லை. காளை போனது போனதுதான்.

தவசிக்குப் படிப்பு கிடையாது, உள்ளே எழுதியிருப்பதை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். பின்கட்டில் கருங்கல் தரை போட்ட கூண்டில் மயிலை நின்றது. தவசியைக் கண்டதும் ஒரு குரல் கொடுத்தது பாருங்கள், பக்கத்துக் கூண்டுக் கரடி எழுந்து உட்கார்ந்துவிட்டது. அவன் கம்பிக்குள் கையை விட்டான். மாடு அந்தக் கையை நக்கு நக்கென்று நக்கியது.

“என்னண்ணே எழுதியிருக்கு?”

நான் வாசித்தேன். “காளை. கொடியது. மனிதருடன் பழகாதது.”

“இதுவா?” என்றான் தவசி. அவன் முழங்கை வரை எச்சில்.

விலா எலும்பு தெரிந்தது. கூண்டு மூலையில் ஒரு தட்டில் தண்ணீரில் ஊறிய ரொட்டி கிடந்தது. தவசி தலைச்சுமையை இறக்கித் தட்டையை உருவினான். அதற்குள் காவல்காரன் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டான். பார்வையாளர்கள் தீனி கொடுக்கக் கூடாதாம். சத்தம் கேட்டு மைக்கேல்ராஜே வந்தார்.

“சாமி, மாட்டுக்கு ரொட்டி வச்சிருக்கீங்க. அது எப்படித் திங்கும்? ஒரு பிடி வைக்கலாவது போடக் கூடாதா? அந்தா அங்கன அம்புட்டு வைக்கல் குமிஞ்சு கிடக்குதே!”

“நல்ல கேள்வி,” என்றார் மைக்கேல்ராஜ். “ரொட்டி இடைக்கால ஏற்பாடு. சீமைப் புத்தகத்தில் காளைக்கு ஓட்ஸ் என்று போட்டிருக்கிறது. மதுரையில் ஓட்ஸ் கிடையாது. அதற்குச் சமமான பதார்த்தம் எது என்று உணவுக் கமிட்டி ஆலோசித்துக்கொண்டிருக்கிறது. நீ காட்டுகிற வைக்கோல் முன்கட்டுக்கு ஒதுக்கியது. அதை உயிரோடு இருக்கிற பிராணிக்குக் கொடுத்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வேன்.”

“அப்ப வேணாம் சாமி. நான் மாட்டைக் கூட்டிட்டுப் போறேன். அய்யனாருக்கு மாசிக் களரி வருது, திருவிழாவுக்கு இது வேணும்.”

மைக்கேல்ராஜ் முகத்தில் உண்மையான ஆச்சரியம் தெரிந்தது. “கூட்டிக்கொண்டு போவதா? உள்ளே வருவதற்கு விதி இருக்கிறதப்பா. வெளியே போவதற்கு விதி போடவில்லை. இதுவரை எந்தப் பிராணியும் கேட்டதில்லை.”

“மாடு எப்படி சாமி கேக்கும்? அதுக்காக நான் கேக்குறேன்.”

“பிராணிக்காக மனுஷன் கேட்பதற்கும் விதி இல்லை. மனு கொடு. கமிட்டியில் வைக்கிறேன்.”

வெளியே வரும்போது முன்கட்டு வழியாகத்தான் வர வேண்டும். அங்கே ஒரு காலி மேடை இருந்தது. புதிதாகப் பூச்சு பூசி, அளவெடுத்துச் செய்தது. மேடையின் முன்னால் ஒரு பெயர்ச் சீட்டு தயாராகத் தொங்கியது. அதையும் வாசிக்கச் சொன்னான். “கரட்டுப்பட்டிக் காளை” என்று மட்டும் வாசித்தேன், கீழே இருந்த ‘வைக்கோல் அடைத்தது’ என்பதை விட்டுவிட்டேன். தவசி வாசலைத் தாண்டியதும், உயிரோடு இருக்கும்போதே எதற்கு இது என்று காவல்காரனைக் கேட்டேன். முன்கூட்டியே தயாராக இருப்பதுதான் இந்தச் சாலையின் பெருமை, கரடிக்கும் அந்தப் பக்கம் இருக்கிறது பாருங்கள் என்றான்.

தவசி அதற்கப்புறம் அடிக்கடி வந்தான். கரட்டுப்பட்டியிலிருந்து நடந்தே வருவான். மாசிக் களரி காளை இல்லாமலே முடிந்தது. கமிட்டி கூடியது, கலைந்தது. அவனுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அவன் மகள் மலையம்மாளுக்கு வாடிப்பட்டிப் பையன் கருத்தக்கண்ணனைப் பேசி முடித்திருந்தார்கள். வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்தால் மாப்பிள்ளை ரங்கூனுக்குக் கப்பலேறுகிறான், போனால் எப்போது திரும்புவானோ தெரியாது. அதற்குள் தாலி ஏறிவிட வேண்டும். “ஒத்தப் புள்ளண்ணே, தாயில்லாப் புள்ள” என்பான். வேறொன்றும் சொல்ல மாட்டான். காப்பி கொடுத்தால் ஆறவிட்டுவிடுவான்.

பங்குனியில் சாலையின் ஆண்டு விழா. பிரசிடெண்ட் ராவ் பகதூர் தலைமை. தென்னங்கீற்றுப் பந்தலுக்கு என் கடையிலிருந்துதான் காப்பி போனது, அதனால் மைக்கேல்ராஜின் பிரசங்கத்தை நான் முழுசாகக் கேட்டேன். கேட்டே தீர வேண்டியிருந்தது.

“சீமையிலே மகா பெரிய மிருகசாலைகள் இருக்கின்றன. அங்கெல்லாம் வருஷா வருஷம் மிருகங்கள் செத்துப்போகின்றன. நமது சாலையிலோ, ஆரம்பித்த நாள்தொட்டு ஒரு பிராணிகூட இறந்ததில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். (கரகோஷம்.) சில பிராணிகள் பின்கட்டிலிருந்து முன்கட்டுக்கு மாற்றல் பெற்றிருக்கின்றன. அவ்வளவுதான். முன்கட்டில் அவற்றுக்குப் பசி கிடையாது, சீக்கு கிடையாது, கனவான்கள் வந்து பார்க்கும்போது புட்டத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிற வழக்கமும் கிடையாது. பின்கட்டில் இருக்கும் காலத்தை நாங்கள் பயிற்சிக் காலமாகவே கருதுகிறோம். ஒரு பிராணி முழுமையான பிராணியாவது முன்கட்டுக்கு வந்த பிறகுதான்!”

ராவ் பகதூர் எழுந்து, இவரைப் போன்ற பத்துப் பேர் இருந்தால் இந்த ஜில்லாவில் எந்த ஜீவனுக்கும் குறை இருக்காது என்றார்.

விழா முடிந்த வாரத்தில் பக்கீர் முகமது பாய் கடைக்கு வந்து, காப்பி வேண்டாம், தண்ணீர் கொடுங்கள் என்றார். காஜிமார் தெருவில் மெத்தை தைக்கிறவர் அவர். ஜில்லாவில் அடைக்கிற வேலை தெரிந்த ஒரே ஆள் என்று சாலைக்காரர்கள் அவரைத்தான் பிடித்து வைத்திருந்தார்கள். பாய் அடைத்த கரடிக்குட்டி திண்டு மாதிரி இருக்கும். அது அவர் குற்றமில்லை, அவருக்குத் தெரிந்தது திண்டு.

“என்ன பாய், மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?”

“அந்தக் காளைண்ணே.” தாடியில் ஒட்டியிருந்த வைக்கோலைத் துடைத்துக்கொண்டார். “உசுரோட நின்னப்ப ஒரு பிடி போட மாட்டேன்னாங்க. இப்ப வண்டி வண்டியா அடைங்கறாங்க. அடைச்சிட்டு வாரேன். யா அல்லா, வயித்தெரிச்சலா இருக்குண்ணே.”

அடுத்த நாள் தவசி வந்தபோது நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். முன்கட்டு மேடையில் மயிலை நின்றது. திமில் தலையணை மாதிரி மேடு தட்டியிருந்தது. கண்ணுக்குக் கண்ணாடி கிடைக்காமல் சோடா பாட்டில் கோலியை வைத்திருந்தார்கள். பச்சைக் கண்ணால் மாடு எங்கள் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. தவசி கிட்டே போய்க் கையை நீட்டினான். ரொம்ப நேரம் நீட்டிக்கொண்டே நின்றான். அப்புறம் துண்டை வாயில் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு மாடு செத்த கதை. ஆனால் கரட்டுப்பட்டியில் ஒரு வழக்கம் இருக்கிறது. கோயில் காளை செத்தால் ஊரில் எல்லா வீட்டிலும் சாவு. குளிப்பாட்டி, கோடித் துணி போர்த்தி, மேளத்தோடு எடுத்துப்போய் மனுஷனைப் போலவே அடக்கம் செய்ய வேண்டும். அடக்கம் ஆகிறவரை ஊருக்குத் தீட்டு. அய்யனாருக்கு விளக்குக் கிடையாது, எந்த வீட்டிலும் பந்தக்கால் ஊன்றக் கூடாது. கூண்டில் கிடந்து செத்தாலும் காளை ஊர்க் காளைதான் என்று அம்பலம் மொக்கையன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மலையம்மாள் கல்யாணம் வைகாசியிலிருந்து ஆனி கடைசி முகூர்த்தத்துக்குத் தள்ளிப்போனது. அதற்கப்புறம் தள்ள இடமில்லை.

தவசி மைக்கேல்ராஜிடம் போய்ப் பொணத்தைக் கொடுங்கள் என்று கேட்டான்.

“எந்தப் பிணம்?”

“எங்க மயிலை செத்துப்போச்சுங்களே சாமி.”

“யார் சொன்னது? இங்கே எந்தப் பிராணியும் இறக்கவில்லை. பிரிவு மாற்றம் ஆகியிருக்கிறது.”

“சாகலைன்னா ஊருக்குத் தீட்டு இல்லீங்க. அப்ப மாட்டை ஓட்டிட்டுப் போறேன்.”

“முன்கட்டில் இருப்பதை ஓட்ட முடியாது. அது நிரந்தரப் பிரிவு. நீ எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்,” என்றார் மைக்கேல்ராஜ், பெரிய மனதோடு.

செத்தது என்று எழுதிக்கொடுத்தால் அடக்கம் செய்யலாம். சாகவில்லை என்று திருப்பிக் கொடுத்தால் கல்யாணம் செய்யலாம். அவர் இரண்டும் செய்ய மாட்டார். ஊர் பொறுத்துப் பார்த்தது. கடைசியில் வைகாசி மாதம் ஒரு காலையில் கரட்டுப்பட்டியே கிளம்பி வந்துவிட்டது. பொணம் ஊருக்கு வராவிட்டால் ஊர் பொணத்திடம் வர வேண்டியதுதான், அழுகிற அழுகையையாவது அழுதுவிடுவோம் என்று அம்பலம் சொன்னாராம். ஆண்கள் தலையில் துண்டு, பெண்கள் விரித்த தலை, மேளக்காரர்கள், கோடித் துணி, மாலை. தெரு கொள்ளவில்லை.

காவல்காரன் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே சத்தம் போடக் கூடாது, விதி என்றான்.

என் ஆயுசில் அப்படி ஒரு இழவை நான் பார்த்ததில்லை. பெண்கள் கையை ஓங்கி ஓங்கி மாரில் மெதுவாக வைத்தார்கள். ஒப்பாரியை உதட்டுக்குள் பாடினார்கள். மேளக்காரர்கள் குச்சியை இடுப்பில் சொருகிக்கொண்டு விரல் நுனியால் தட்டினார்கள். மலையம்மாள் மேடைக்குப் பக்கத்தில் போய் மாட்டின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்தொன்பது, இருபது வயசு இருக்கும். அவள் உதடுகூட அசையவில்லை. கண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது. சுற்றி நரி, முதலை, கழுதைப்புலி எல்லாம் கோலிக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றன.

மைக்கேல்ராஜ் நெகிழ்ந்துபோனார். “ஒரே நாளில் இத்தனை பார்வையாளர்கள்! கிராமத்து ஜனங்களுக்கு விஞ்ஞானத்தில் எவ்வளவு ஈடுபாடு பார்த்தீரா!” என்று என்னிடம் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கண் கலங்கியிருந்தது.

அன்றைக்கு மாடியில் கமிட்டிக் கூட்டம். ராவ் பகதூர் இட்லி சாப்பிட்டுக் கையலம்பிவிட்டு இறங்கும்போது கீழே இழவு நடக்கிறது. அவர் ஆசாரமானவர். வீட்டுக்குப் போய்த் தம் புரோகிதரைக் கேட்டார். புரோகிதர் யோசித்துப் பார்த்துச் சொன்னாராம்: நரியும் முதலையும் இருந்தால் பரவாயில்லை, அவற்றுக்கு யாரும் அழவில்லை. அழாதவரை சாமான். அழுதுவிட்டால் பிணம். பிணம் கிடக்கிற இடத்தில் இட்லி சாப்பிட்டது தப்பு. அந்தப் பிணம் அங்கே கிடக்கிறவரை நீங்கள் போய் வருவதெல்லாம் தப்பு.

ராவ் பகதூரின் பேரனுக்கு அடுத்த மாதம் பூணூல்.

என்ன ஆயிற்று? இத்தனை நாள் இல்லாத விதி அடுத்த நாளே வந்துவிட்டது. கமிட்டி மரத்தடியில் கூடியது. மைக்கேல்ராஜ் மட்டும் மல்லுக்கு நின்றார். முன்கட்டிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது என்பது அஸ்திவார விதி, அதில் கை வைத்தால் சாலையே ஆட்டம் கண்டுவிடும் என்றார். ராவ் பகதூர் வக்கீல். அவர் வழி சொன்னார். “முன்கட்டிலிருந்து வெளியே போக வேண்டாம் ஐயா. பின்கட்டுக்கு மறு மாற்றம் செய்யும். பின்கட்டுப் பிராணியை இரவல் கொடுத்தவனிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு தீர்மானம் போடுவோம்.”

ஆகவே வைக்கோல் காளையை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டுக் கூண்டில் நிறுத்தினார்கள். பின்கட்டுப் பிராணிக்குத் தீனி வைக்க வேண்டும் அல்லவா? ஒரு தட்டில் ஊறிய ரொட்டி வைத்தார்கள். காலையில் ரொட்டி அப்படியே இருந்தது. ‘பசி மந்தம்’ என்று மைக்கேல்ராஜ் குறித்துக்கொண்டார். பாய் இதை என்னிடம் சொன்னபோது சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

தவசி வண்டி கட்டிக்கொண்டு வந்தான். மாட்டை ஏற்றுவதற்கு முன் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். நான் வாசித்தேன். “ஏப்பா தவசி, ‘உயிருடனும் ஆரோக்கியத்துடனும் பெற்றுக்கொண்டேன்’னு போட்டிருக்கு. பாத்துக்க.”

“எதையும் போட்டுக்கிறட்டும்ண்ணே. எனக்கு மாடு வந்தாப் போதும்,” என்று கட்டை விரலை மையில் வைத்தான்.

கரட்டுப்பட்டியில் மயிலையை அடக்கம் செய்தார்கள். இந்தத் தடவை மேளம் நாலு ஊருக்குக் கேட்டதாம். கண்மாய்க் கரையில் ஆழக் குழி தோண்டி, கோடித் துணி போர்த்தி, வீட்டுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். தீட்டுக் கழிந்தது. அய்யனாருக்கு விளக்கேற்றினார்கள். ஆனியில் தவசி வீட்டு வாசலில் பந்தக்கால் ஊன்றினார்கள். எனக்கும் பாய்க்கும் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்குத்தான் அவன் காப்பியை ஆறுவதற்குள் குடித்துப் பார்த்தேன்.

முகூர்த்தத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது சென்னையிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். பின்கட்டில் காளைக் கூண்டு காலி. எங்கே என்றார். உயிருடன் திருப்பிக் கொடுத்தோம் என்றார் மைக்கேல்ராஜ். போய் இருக்கிறதா என்று பாரும் என்றார் பரிசோதகர். கரட்டுப்பட்டிக்கு ஒரு பியூன் போனான். தவசி பந்தலுக்குத் தென்னங்கீற்று முடைந்துகொண்டிருந்தான். மாடு எங்கேப்பா என்று கேட்க, இவனும் வெள்ளந்தியாக, “கம்மாக்கரையில பொதைச்சிட்டோங்க” என்று சொல்லிவிட்டான்.

சாலையில் உயிருடன் பெற்றுக்கொண்ட காளையைக் கொண்டுபோய்ப் புதைத்திருக்கிறான். சாலைக் கணக்கின்படி அந்தக் காளை சாகவே இல்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? உயிரோடு புதைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்? இதை முதலில் சொன்னது பரிசோதகரா, மைக்கேல்ராஜா என்று எனக்குத் தெரியாது. போலீஸ் மட்டும் வந்துவிட்டது.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கு. நான் கடையை அடைத்துவிட்டுப் போனேன். பாய் வந்திருந்தார், அம்பலம் மொக்கையன் வந்திருந்தார். ஜீவகாருண்யத்தில் அக்கறையுள்ள கனவான்கள் சிலரும், இந்தக் கொடுமையைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

மைக்கேல்ராஜ் கூண்டேறினார். “கனம் கோர்ட்டார் அவர்களே, எங்கள் சாலையில் பிராணிகள் சாவதில்லை. வெளியே போனால்தான் சாகின்றன. இந்தக் காளையை இவனிடம் ஒப்படைத்தபோது அது அமைதியாக, அசையாமல், மிகுந்த கட்டுப்பாட்டோடு நின்றது. அதைப் போன்ற ஒழுக்கமான பிராணியை நான் கண்டதில்லை.”

மாஜிஸ்திரேட் வயசானவர். முகத்தைப் பார்த்தால் நல்லவராகத்தான் தெரிந்தார். தவசியைக் கேட்டார். “என்னப்பா சொல்கிறாய்? மாடு உயிரோடு இருந்ததா?”

தவசி வாயைத் திறப்பதற்குள் பாய் எழுந்துவிட்டார். “எசமான், நான் சொல்றேன். அந்த மாட்டுக்கு நான்தான் என் கையால வைக்கோல் அடைச்சேன். அது செத்து எம்புட்டோ நாளாச்சு.”

“அப்படியா?” மாஜிஸ்திரேட் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படியானால் இதில் கஷ்டமே இல்லை. வைக்கோல் இருந்தால் இவன் நிரபராதி. நாளைக் காலையில் அதிகாரி முன்னிலையில் குழியைத் தோண்டட்டும். மாட்டை வெளியே எடுத்துக் கோர்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். பார்த்துவிட்டு இவனை விட்டுவிடுகிறேன்.”

பாய் சந்தோஷமாக என்னைப் பார்த்தார். நானும் அப்பாடா என்று மூச்சு விட்டேன். தவசி மட்டும் அம்பலத்தைப் பார்த்தான். மொக்கையன் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. தோண்டி எடுத்தால் மறுபடி பிணம். மறுபடி தீட்டு. ஊன்றின பந்தக்காலைப் பிடுங்க வேண்டும். கோர்ட்டுக்கு வந்த மாடு எப்போது ஊர் திரும்பும்? திரும்புமா? அதற்குள் ஆடி பிறந்துவிடும், கருத்தக்கண்ணன் கப்பலேறிவிடுவான்.

“தோண்ட வேணாம் சாமி,” என்றான் தவசி.

“ஏன்?”

“பாய் எனக்காகச் சொல்றாரு. வைக்கலும் இல்ல ஒண்ணும் இல்ல. உசுரோடதான் பொதைச்சேன்.”

பாய் “யோவ் தவசி!” என்று கத்திவிட்டார். கோர்ட் சேவகன் அவரை உட்காரவைத்தான்.

இந்த மாதிரி ஒரு மனுஷனா என்று மாஜிஸ்திரேட் அவனையே பார்த்தார். அப்புறம் கேட்டார், கேட்டிருக்க வேண்டாம். “மண்ணைப் போடும்போது அது கத்தவில்லையா?”

தவசி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கம்பிக்குள் கை விட்டு மாட்டிடம் நக்கக் கொடுத்த அதே கை.

“கத்துச்சு சாமி. அம்மான்னு கத்துச்சு.”

ஜீவகாருண்யக் கனவான் ஒருவர் “சண்டாளன்!” என்றார். மைக்கேல்ராஜ் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தவசிக்கு ஆறு மாசம் போட்டார்கள். வெளியே கூட்டிக்கொண்டு போகும்போது யாரோ அவன்மேல் காறித் துப்பினான். நான் துப்பினவன் சட்டையைப் பிடித்து ஒரு அறை விட்டேன். அதற்கு எனக்கு எச்சரிக்கை கொடுத்து அனுப்பினார்கள். தவசி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். “புள்ளைக்கிட்ட இப்ப சொல்லிறாதீகண்ணே. தாலி ஏறட்டும்.”

மறுநாள் காலையில் கரட்டுப்பட்டியில் தாலி ஏறியது. நானும் பாயும் போயிருந்தோம். மேளம் கொட்டியது, குலவை விட்டார்கள். தகப்பன் இடத்தில் தாய்மாமன் நின்று தாரை வார்த்துக் கொடுத்தார். கோர்ட்டு வேலை முடியவில்லை, சாயங்காலம் வந்துவிடுவான் என்று அம்பலம் ஊருக்குச் சொல்லிவைத்திருந்தார். மலையம்மாள் அதை நம்பினதாகத் தெரியவில்லை. கும்பிட்டு எழுந்தவள் நேரே எங்களிடம் வந்தாள்.

“எங்கய்யா எங்கே மாமா?”

இவ்வளவு நேரம் ஊரையெல்லாம் திட்டிக்கொண்டிருக்கிறேனே, அந்தப் பெண் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. பாய்தான் அவள் தலையில் கையை வைத்துச் சொன்னார். “ஒண்ணும் இல்லம்மா. சர்க்கார்ல கொஞ்ச நாளைக்கு வச்சிருக்காங்க. உள்ளதான் இருக்காரு. வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டுருவாங்க. உசுரோட நல்லாத்தான் இருக்காரு.”

அவள் கழுத்து மாலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப முன்கட்டுக்கு மாத்துறதுக்குள்ள போய்க் கூட்டிட்டு வந்துருங்க மாமா,” என்றாள்.